பைக்கில் அதிக ஒலி எழுப்பும் ஹாரன் பொருத்தலாமா? சட்டம் அனுமதிப்பது எது, மின்னிணைப்பில் கவனிக்க வேண்டியது என்ன?

புதுடெல்லி: தலைநகரின் கரோல் பாக், பெங்களூருவின் ஜே.சி. சாலை, சென்னையின் ஜி.பி. சாலை ஆகிய வீதிகளில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. புதிய பைக்குடன் அங்கு வருவோர் முதலில் விசாரிக்கும் பொருட்களுள் ஹாரனும் ஒன்று. 'கம்பெனியில் கொடுத்த ஹாரன் யாருக்கும் கேட்பதில்லை' என்பதே பெரும்பாலானோரின் குறை. அரைமணி நேரத்தில் பழைய ஹாரன் கழற்றப்பட்டு, நத்தை ஓட்டின் வடிவில் இரண்டு புதிய ஹாரன்கள் முன்சக்கரத்துக்கு மேலே இடம்பிடித்து விடுகின்றன.

இந்தக் குறையை வெறும் ஆடம்பர ஆசை என்று ஒதுக்கிவிட இயலாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். பேருந்தின் பக்கவாட்டில் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிக்கிக்கொள்ளும் பைக் ஓட்டுநருக்கு, தன் இருப்பைத் தெரிவிக்க ஹாரனைத் தவிர வேறு வழி இல்லை. மறுபுறம், அதே ஒலி சாலையோரம் நிற்கும் குழந்தையின் செவியையும், மருத்துவமனை வளாகத்தில் படுத்திருக்கும் நோயாளியையும் சென்றடைகிறது. ஹாரனை மாற்ற விரும்புவோர் முன் இரண்டு கேள்விகள் உள்ளன. எவ்வளவு ஒலி போதுமானது? அதைப் பாதுகாப்பாகவும் சட்டப்படியும் பொருத்துவது எப்படி?

தொழிற்சாலை ஹாரன் ஏன் மெலிதாக ஒலிக்கிறது?

பெரும்பாலான பைக்குகளில் உள்ளது 'டிஸ்க்' எனப்படும் தட்டு வடிவ மின்சார ஹாரன். பொத்தானை அழுத்தியதும் உள்ளே இருக்கும் மின்காந்தம் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை இழுக்கிறது. தகடு இழுபட்ட கணத்தில் ஒரு தொடுமுனை பிரிந்து மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. தகடு பழைய நிலைக்குத் திரும்புகிறது, தொடுமுனை மீண்டும் இணைகிறது. நொடிக்குச் சுமார் 400 முறை நிகழும் இந்த ஆட்டமே நாம் கேட்கும் ஒலி. இது எவ்வளவு வலுவாக அமையும் என்பது ஹாரனின் முனைகளை வந்தடையும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது.

சிறிய பைக்குகளின் ஹாரன் மெலிதாக இருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 28ஆம் எண் ஒழுங்குமுறை, வாகனத்தில் பொருத்திய நிலையில் ஹாரனின் ஒலியை 7 மீட்டர் முன்னால் இருந்து அளக்கச் சொல்கிறது. கார்களுக்கும் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கும் அந்த ஒலி 93 முதல் 112 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் திறன் 7 கிலோவாட்டுக்கு மிகாத மோட்டார் சைக்கிள்களுக்குக் கீழ்வரம்பு 83 டெசிபல் மட்டுமே. இந்தியச் சாலைகளில் மிகுதியாக ஓடும் 100 சிசி பைக்குகள் ஏறத்தாழ 6 கிலோவாட் திறன் கொண்டவை. உலக அளவுகோலே இத்தகைய வாகனங்களுக்கு மெல்லிய குரலைப் போதுமென ஏற்றிருக்கிறது. வேகமும் எடையும் குறைந்த வாகனம் என்பது அதன் கணக்கு. லாரிகளுக்கு நடுவே செல்லும்போது அந்தக் கணக்கு ஓட்டுநருக்கு ஆறுதல் தருவதில்லை என்பது வேறு விஷயம்.

டெசிபல் கணக்கு

கடையில் விற்கப்படும் ஹாரன்களின் அட்டைப்பெட்டியில் '118 டெசிபல்' என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். எவ்வளவு தொலைவில் இருந்து அளந்தார்கள் என்பது பல பெட்டிகளில் இருப்பதில்லை. தொலைவு குறிப்பிடப்படாத டெசிபல் எண்ணுக்குப் பொருளே கிடையாது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போது ஒலி அளவு 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 118 டெசிபல் காட்டும் ஹாரன், 7 மீட்டரில் சுமார் 107 டெசிபல்தான் காட்டும்.

டெசிபல் என்பது மடக்கை அளவுகோல் என்பதால் சாதாரணக் கூட்டல் கழித்தல் இங்கே செல்லாது. ஒரே திறனுள்ள இரண்டு ஹாரன்களைச் சேர்த்து ஒலித்தால் ஒலி அளவு 3 டெசிபல் மட்டுமே உயரும். மனிதச் செவி ஓர் ஒலியை 'இருமடங்கு' என்று உணர வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். ஒன்றுக்கு இரண்டாகப் பொருத்தினால் ஓசையும் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் பொய்த்துப்போகிறது. இரட்டை ஹாரனால் கிடைக்கும் உண்மையான நன்மை வேறு. கீழ்க்குரலும் மேற்குரலும் ஒருசேர ஒலிக்கும்போது, போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவே அந்த ஒலி தனித்துக் கேட்கிறது.

கூடுதல் ஒலியால் பயனே இல்லை என்று சொல்வதும் சரியாகாது. 7 மீட்டரில் 93 டெசிபல் தரும் ஹாரன், 28 மீட்டர் முன்னால் செல்லும் காரை அடையும்போது 81 டெசிபலாகக் குறைந்திருக்கும். மூடிய கண்ணாடிகள் அதில் 25 முதல் 30 டெசிபலை உறிஞ்சிவிடும். எஞ்சிய 50 சொச்சம் டெசிபல், குளிர்சாதன ஓசையிலும் பாட்டிலும் கரைந்துபோகும். 7 மீட்டரில் 105 டெசிபல் தரும் ஹாரனாக இருந்தால் அந்தக் காருக்குள் ஓரளவு கேட்கக்கூடும். எந்தத் திசையிலிருந்து வந்தது என்று காரோட்டிக்குத் தெரியுமா என்பது மற்றொரு கேள்வி. மூடிய அறைக்குள் நுழையும் ஒலிக்குத் திசை மழுங்கிவிடும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பைக் ஒரு நொடியில் 16.7 மீட்டரைக் கடக்கிறது. ஹாரனைக் கேட்டு, புரிந்துகொண்டு, எதிரிலிருப்பவர் விலகத் தொடங்குவதற்கு ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் பைக் 25 மீட்டர் முன்னேறியிருக்கும். பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டிய நேரத்தைப் பொத்தானை அழுத்துவதில் செலவிடுவோர் இழப்பது அந்த 25 மீட்டரைத்தான்.

இனி சாலையோரத்தில் நிற்பவரின் பக்கம். 7 மீட்டரில் 112 டெசிபல், அதாவது மேல்வரம்பை ஒட்டி ஒலிக்கும் ஹாரனின் முன் ஒரு மீட்டர் தொலைவில் ஒருவர் நின்றால், அவர் செவியை அடைவது சுமார் 129 டெசிபல். செவியில் வலி தோன்றும் அளவு இது. ஹாரனின் வாய் தரையிலிருந்து இருக்கும் உயரமும் சிறுவர்களின் முகம் இருக்கும் உயரமும் பெரிதும் வேறுபடுவதில்லை. அன்றாடம் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் இருப்பது செவித்திறனைப் பாதிக்கும் என்பது தொழில்சார் நலத்துறையில் ஏற்கப்பட்ட அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 100 டெசிபலில் அது கால்மணி நேரம் மட்டுமே. நாற்சந்தியில் பணியாற்றும் போக்குவரத்துக் காவலருக்கும், சாலையோரக் கடைக்காரருக்கும் இது ஏட்டுக் கணக்கு அல்ல.

சட்டம் எதைத் தடுக்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 119ஆம் விதி ஹாரன்களைப் பற்றியது. வாகனத்தில் பொருத்தப்படும் மின்சார ஹாரன் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. மாறி மாறிப் பல சுரங்களை எழுப்பும் ஹாரன்களும், அளவுக்கு மீறிய கடூரமான, கீச்சென்ற, உரத்த அல்லது திடுக்கிடச் செய்யும் ஒலி எழுப்பும் எந்தச் சாதனமும் பொருத்தப்படக் கூடாது என்பது அதே விதியின் அடுத்த பிரிவு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வாகனம், காவல்துறை வாகனம் போன்றவற்றுக்கு மட்டும் பதிவு அதிகாரியின் ஒப்புதலுடன் விலக்கு உண்டு.

ஆகவே, பழைய ஹாரனுக்குப் பதிலாகத் தரச்சான்று பெற்ற மற்றொரு மின்சார ஹாரனைப் பொருத்துவதை இந்த விதி தடை செய்யவில்லை. கீழ்க்குரலும் மேற்குரலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் இணை ஹாரனும், ஒன்றன்பின் ஒன்றாகச் சுரம் மாறும் 'மியூசிக்கல்' ஹாரனும் ஒன்றல்ல. தடை பின்னதற்கே. ஆயினும் முன்னதும் அளவுக்கு மீறி ஒலித்தால் 'உரத்த, திடுக்கிடச் செய்யும்' என்ற சொற்களின் கீழ் வந்துவிடும். திரைப்படப் பாடல் மெட்டு, நாய்க் குரைப்பு, காவல்துறை சைரன் போன்ற ஒலிகளை எழுப்பும் ஹாரன்களும், அமுக்கக் காற்றால் இயங்கும் ஏர் ஹாரன்களும் கடைகளில் வெளிப்படையாக விற்கப்படுவதால் அவை சட்டப்படியானவை என்று கருதிவிடக் கூடாது.

தண்டனைப் பிரிவுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194எஃப் பிரிவின்படி, தேவையின்றியோ தொடர்ச்சியாகவோ ஹாரன் அடித்தாலும், ஹாரன் தடை செய்யப்பட்ட இடத்தில் ஒலித்தாலும் முதல்முறை 1,000 ரூபாயும், மறுமுறை 2,000 ரூபாயும் அபராதம். இது பயன்படுத்தும் முறைக்கானது. ஒலி மாசுக் கட்டுப்பாட்டுத் தரங்களை மீறிய வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவோர் மீது பாய்வது 190ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. அதன்கீழ் முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தகுதியிழப்பும் உண்டு. சட்டம் அனுமதிக்காத வகையில் பாகங்களைப் பொருத்தி வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. சாலையில் உடனடியாக வசூலிக்கப்படும் சமரசத் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும்.

இவற்றோடு ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்பதே சூழல் ஒலிக்கான வரம்பு. குடியிருப்புப் பகுதிக்கு அது 55, 45. பொது நெருக்கடி நேரம் தவிர, அமைதி மண்டலத்திலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளிலும் ஹாரன் அடிக்கவே கூடாது என்று 2010இல் சேர்க்கப்பட்ட 5ஏ விதி கூறுகிறது. இங்கு ஹாரன் சட்டப்படியானதா, சட்டவிரோதமானதா என்ற கேள்வியே எழுவதில்லை. தொழிற்சாலை ஹாரனாக இருந்தாலும் தடைதான்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

ஹாரனின் குரல் முன்பு நன்றாக இருந்து இப்போது மெலிந்துவிட்டது என்றால், பெரும்பாலும் பழுது ஹாரனில் இருப்பதில்லை. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஹாரனின் இரு முனைகளில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். பேட்டரியில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும் மீட்டர், ஹாரனில் 11 வோல்ட் காட்டினால் இடையில் எங்கோ மின்னழுத்தம் வீணாகிறது. துருப்பிடித்த கப்ளர், பச்சை பூத்த செம்புக் கம்பி, தளர்ந்த எர்த் இணைப்பு, அழுக்கடைந்த பொத்தான் தொடுமுனை ஆகியவையே வழக்கமான காரணங்கள். உப்புத்தாளும் சிறிது கான்டாக்ட் கிளீனரும் போதும். மழைக்காலம் முடிந்ததும் ஹாரன் மாற்ற வருவோரில் பலருக்கு இந்தச் சிகிச்சையே தீர்வாகிவிடும்.

டிஸ்க் ஹாரனின் பின்புறம் சிறு திருகு ஒன்று இருக்கும். தொடுமுனைகளின் இடைவெளியை அது கட்டுப்படுத்துகிறது. காலப்போக்கில் தொடுமுனை தேய்ந்து குரல் கரகரத்தால், அந்தத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, சிறு சிறு அழுத்தங்களில் ஒலித்துப் பார்த்துச் சரிசெய்யலாம். ஒலி வராத நிலையிலும் பொத்தானை அழுத்திக்கொண்டே திருகுவது தவறு. தொடுமுனை பிரியாமல் ஒட்டிக்கொண்டால் மின்சாரம் தடையின்றிப் பாய்ந்து சுருள் கருகிவிடும்.

எந்த வகை ஹாரன்?

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். மிக எளிய வழி, அதே வடிவத்தில் சற்றுப் பெரிய ஒற்றை டிஸ்க் ஹாரன். 3 ஆம்பியருக்கு உட்பட்டதாக இருந்தால் பல பைக்குகளில் பழைய வயரிங்கே தாங்கும். விலையும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

அடுத்தது 'விண்ட்டோன்' வகை. நத்தை ஓடு போலச் சுருண்ட காற்றுக்குழல் வழியாக ஒலி வெளிவருவதால் கார் ஹாரனைப் போன்ற செறிவான குரல் கிடைக்கும். கோவையைச் சேர்ந்த ரூட்ஸ், ஹரியாணாவை மையமாகக் கொண்ட ஊனோ மிண்டா ஆகிய இந்திய நிறுவனங்கள் இவ்வகை ஹாரன்களுக்குப் பெயர் பெற்றவை. புகழ்பெற்ற பெயர்களில் போலிகளும் சந்தையில் உலவுவதால் பில்லுடன் வாங்குவது நல்லது. ஒவ்வொரு விண்ட்டோன் ஹாரனும் 4 முதல் 5 ஆம்பியர் வரை இழுக்கும். இணையாகப் பொருத்தினால் 8 முதல் 10 ஆம்பியர். 12 வோல்ட்டில் இது 100 வாட்டைத் தொடும் சுமை. ஹெட்லைட்டைவிட அதிகம். 2017 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த புதிய மாடல்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஐட்லிங்கில் நிற்கும் 100 சிசி பைக்கின் மின்னாக்கியிடம் இந்தக் கூடுதல் சுமைக்கு மிச்சம் இருக்காது. ஹாரனுக்கான மின்சாரம் முழுவதும் சிறிய பேட்டரியிலிருந்தே செல்லும். நெரிசலில் அடிக்கடி ஹாரன் அடிப்பவர், மறுநாள் காலையில் செல்ஃப் ஸ்டார்ட் மறுக்கும்போது காரணம் புரியாமல் திகைப்பது இதனால்தான்.

ஏர் ஹாரனின் கம்ப்ரஸர் இதைவிடப் பன்மடங்கு மின்சாரம் கேட்கும். சட்டத்தின் பார்வையிலும் அது நிற்காது என்பதால் இங்கே விரிவாகப் பேச வேண்டியதில்லை.

ரிலே இல்லாத இணைப்பு ஏன் ஆபத்து?

ஹாரன் மாற்றத்தில் தீப்பற்றும் அபாயம் உருவாகும் இடம் வயரிங். பைக்கின் ஹாரன் வயர் பேட்டரியில் புறப்பட்டு, ஃபியூஸ், சாவித் துவாரம், கைப்பிடியில் உள்ள பொத்தான் என்று சுற்றி ஹாரனை அடைகிறது. வயரின் தடிமன் பெரும்பாலும் அரை சதுர மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். 2 ஆம்பியருக்காக வடிவமைக்கப்பட்ட அந்தப் பாதையில் 8 ஆம்பியரைச் செலுத்தினால், மூன்று மீட்டர் நீளத்தில் வயரில் மட்டும் ஏறத்தாழ 0.8 வோல்ட் வீணாகும். பொத்தானின் நுண்ணிய தொடுமுனைகளில் தீப்பொறி பறந்து அவை கருகும். வயர் சூடாகிக் காப்புறை உருகினால், பெட்ரோல் டேங்குக்கு அடியில் குறுக்குச்சுற்று ஏற்படவும் வாய்ப்புண்டு. புது ஹாரன் பொருத்திய பிறகும் 'எதிர்பார்த்த சத்தம் வரவில்லை' என்ற புகார் எழுவதற்கும் இதுவே காரணம். அதே ஹாரனை நேரடியாகப் பேட்டரியில் வைத்து ஒலித்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

இதற்குத் தீர்வு ரிலே. சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சாவி அது. கார் உதிரிபாகக் கடைகளில் நூறு ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் நான்கு முனை ரிலேயே போதும். அதன் அடிப்பகுதியில் 30, 87, 85, 86 என்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு ஃபியூஸ் வழியாக வரும் தடித்த வயர் 30ஆம் முனைக்குச் செல்ல வேண்டும். 87ஆம் முனையிலிருந்து புதிய ஹாரன்களின் ஒரு முனைக்கு. ஹாரன்களின் மற்ற முனை பேட்டரியின் எதிர்முனைக்கு. இந்தப் பாதை முழுவதும் 1.5 முதல் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தேவை.

எஞ்சியவை 85, 86. பலர் தவறுவது இங்கேதான். 'ஒன்றைப் பொத்தானுக்கும் மற்றொன்றை பாடி எர்த்துக்கும் கொடு' என்பது மெக்கானிக்குகளிடையே பரவலான வழக்கம். எல்லா பைக்கிலும் இது பலிக்காது. சில மாடல்களில் பொத்தான் நேர்முனை மின்சாரத்தை அனுப்புகிறது. வேறு சிலவற்றில் ஹாரனுக்கு நேர்முனை எப்போதும் வந்துகொண்டிருக்க, பொத்தான் எர்த்தை மட்டும் இணைக்கிறது. இரண்டாம் வகையில் மேற்சொன்ன முறையைப் பின்பற்றினால், சாவி போட்டதுமே ஹாரன் அலறத் தொடங்கும், அல்லது ஒலிக்கவே ஒலிக்காது. பழைய ஹாரனில் செருகியிருந்த இரண்டு வயர்களையும் அப்படியே 85, 86 முனைகளில் செருகிவிடுவதே பிழையற்ற வழி. பொத்தான் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் ரிலே இயங்கும். சாவி அணைந்திருக்கும்போது ஹாரன் ஒலிக்காது என்ற பாதுகாப்பும் தொடரும். உள்ளே டையோடு உள்ள ரிலேயாக இருந்தால் மட்டும் நேர்முனை, எதிர்முனை பார்த்து இணைக்க வேண்டும்.

ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில், ஒரு சாண் தொலைவுக்குள் இருக்க வேண்டும். இரட்டை விண்ட்டோனுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதைவிடப் பெரியதையோ, செம்புக் கம்பியையோ வைப்பவர்கள் வயரையே ஃபியூஸாக மாற்றுகிறார்கள். ரிலேயை மழை படாத இடத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினால் நீர் தேங்காது. தொழிற்சாலை வயரை வெட்டாமல், பொருத்தமான கப்ளர் கொண்ட தயார்நிலை வயரிங் தொகுப்பைப் பயன்படுத்துவது மேல். வயர் வெட்டப்பட்டிருந்தால் மின்சாரப் பாகங்களுக்கான உத்தரவாதத்தை நிறுவனங்கள் மறுக்கக்கூடும்.

பொருத்தும் இடம்

ஹாரனைத் தாங்கும் பட்டை மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்யப்பட்டிருப்பதைக் கவனித்திருக்கலாம். ஹாரன் தானாக அதிர்வதற்கு அந்த வளைவுத்தன்மை வேண்டும். கனமான இரும்புத் துண்டில் இறுக்கிப் பூட்டினாலோ, ஹாரனின் உடல் சட்டகத்தில் உரசினாலோ குரல் அடைபட்டுவிடும். கைப்பிடியை இடக்கோடி, வலக்கோடி வரை திருப்பியும், முன் ஃபோர்க்கை முழுவதுமாக அமுக்கியும் பார்த்து, மட்கார்டோ பிரேக் குழாயோ ஹாரனில் மோதவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். வேகத்தடையில் ஏறும்போது முன்சக்கரம் ஹாரனில் சிக்கினால் விளைவு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் முன்னால் பொருத்தினால் காற்றோட்டம் தடைபடும். விண்ட்டோனின் வாய் முன்னோக்கிச் சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் முதல் மழையிலேயே நீர் நிரம்பி ஊமையாகும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது அழுத்தநீரை அதன் வாய்க்குள் பாய்ச்சுவதும் அதே விளைவைத் தரும்.

பேட்டரி இல்லாத பழைய மொபெட்டுகள், ஸ்கூட்டர்கள் சிலவற்றில் மாறுமின்சாரத்தில் இயங்கும் ஹாரன் இருந்தது. அவற்றில் இக்கால 12 வோல்ட் நேர்மின்சார ஹாரனைச் செருகினால் வேலை செய்யாது. மின்சார ஸ்கூட்டர்களில் சிக்கல் வேறு விதமானது. 48 வோல்ட்டோ அதற்கு மேலோ உள்ள முதன்மை பேட்டரியிலிருந்து ஒரு மாற்றிச் சாதனம் 12 வோல்ட்டை உருவாக்கி விளக்குகளுக்கும் ஹாரனுக்கும் கொடுக்கிறது. அந்தச் சாதனத்தின் திறன் குறிப்பிட்ட சுமைக்கே அளந்து வைக்கப்பட்டது. கூடுதல் ஹாரனால் அது முடங்கினால் விளக்குகளும் சேர்ந்து அணையும். முதன்மை பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் எடுப்பதை ஒருபோதும் செய்யக் கூடாது.

நீதிமன்றங்களும் காவல்துறையும்

ஹாரன் ஒலிக்கு எதிரான சட்டப் போராட்டம் நேற்று தொடங்கியதல்ல. 1985ஆம் ஆண்டிலேயே ராபின் முகர்ஜி வழக்கில், செவியைத் துளைக்கும் ஏர் ஹாரன்களை வாகனங்களிலிருந்து அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005 ஜூலை 18 அன்று ஒலி மாசு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த விரிவான தீர்ப்பு, இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிகளில் ஹாரன் ஒலிக்கத் தடை விதித்தது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் கூக்குரல், ஒலிபெருக்கி இரைச்சலில் எவர் செவிக்கும் எட்டாமல் போன கொடுமையே அவ்வழக்குக்குத் தூண்டுகோலாக இருந்தது.

லாரிகளின் பின்புறத்தை அலங்கரித்துவந்த 'ஹாரன் ஓகே ப்ளீஸ்' என்ற வாசகத்துக்கு 2015இல் மகாராஷ்டிர அரசு தடை விதித்தது. மும்பை காவல்துறை 2020 ஜனவரியில் வெளியிட்ட ஒரு காணொளி நாடெங்கும் பேசப்பட்டது. போக்குவரத்து விளக்குக் கம்பங்களில் டெசிபல் மீட்டரை இணைத்து, ஹாரன் ஒலி 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும்படி அவர்கள் அமைத்திருந்தனர். பொறுமையிழந்து ஹாரன் அடித்தவர்கள், அதன் பயனாக இன்னும் நீண்ட நேரம் காத்திருந்தனர். இதற்கு நேர்மாறான காட்சி மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் காணக்கிடைக்கிறது. குறுகலான மலைப்பாதைகளில் வண்டிகள் வரிசையாக நின்றாலும் அங்கே ஹாரன் ஒலி அரிதாகவே கேட்கும்.

2021 அக்டோபரில் நாசிக்கில் பேசிய மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, புல்லாங்குழல், தபேலா, வயலின் போன்ற இசைக்கருவிகளின் ஒலியை மட்டுமே வாகன ஹாரன்களில் பயன்படுத்தும் வகையில் சட்டம் கொண்டுவர ஆராய்வதாகக் கூறினார். பின்னரும் அவர் இதை வலியுறுத்தியுள்ளார்.

ஹாரனை மாற்றுவோர், கழற்றிய தொழிற்சாலை ஹாரனை எடைக்குப் போட்டுவிடாமல் வீட்டில் பத்திரப்படுத்துவது நல்லது. உத்தரவாதக் காலத்தில் சர்வீஸுக்கு விடும்போதும், வண்டியை விற்கும்போதும், சோதனையில் புது ஹாரனை அகற்றும்படி காவலர் சொல்லிவிட்டாலும் அது தேவைப்படும். ரிலே முனைகளில் செருகிய பழைய வயர்கள் இரண்டையும் பிடுங்கி மீண்டும் அதில் செருகினால் வண்டி பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.